ஒன்பது குழி மனைக்கு எண்பது வருடம்

வலங்கைமான் தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி நடக்கிற நாட்களில் மனு எழுதிக் கொடுப்பவர்களுக்குக் கை ஓயாது. முதியோர் உதவித்தொகை, வாரிசுச் சான்று, பட்டா பெயர் மாற்றம், வாய்க்கால் ஆக்கிரமிப்பு என்று என்னென்னவோ வரும். எது குறைந்தாலும் ஒரு மனு மட்டும் குறைவதில்லை. ‘பொருள்: இலவச வீட்டுமனைப் பட்டா வழங்கக் கோருதல்’ என்று தொடங்கி, ‘மேற்படி கிராமத்தில் நானும் எனது குடும்பத்தாரும் சொந்த மனையின்றி வசித்து வருகிறோம்’ என்று போகிற மனு. பெரும்பாலும் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்கள்தான் அதைக் கொண்டு வருகிறார்கள். ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல், சாதிச் சான்று நகல் எல்லாம் ஒரு மஞ்சள் பையில் இருக்கும். போன ஜமாபந்தியில் கொடுத்த மனுவுக்கான ரசீதும் அதே பையில் மடிப்புக் கலையாமல் இருக்கும்.

அவர்கள் கேட்பது மூன்று சென்ட். சென்ட் என்பது பத்திரத்தில் எழுதுகிற கணக்கு. இந்தப் பக்கம் வாய்ப்பேச்சில் நிலம் குழியாகவும் மாவாகவும் வேலியாகவும்தான் இருக்கிறது. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. மூன்று சென்ட் என்றால் ஒன்பது குழி. இருபது வேலி, முப்பது வேலி என்று பண்ணைகள் இருந்த பூமியில், அந்தப் பண்ணைகளில் நாற்றுப் பறித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் ஒன்பது குழிக்கு வரிசையில் நிற்கிறார்கள்.

சென்னையிலோ கோவையிலோ வீடு கட்டுப்படியாகவில்லை என்றால், வாடகையைப் பற்றியும் வங்கித் தவணையைப் பற்றியும் பேசுவார்கள். காவிரிப் படுகையில் கட்டுப்படியாகாமல் போனது தரை. சுவர் எழுப்ப அரசு பணம் தருகிறது, கூரை போடவும் தருகிறது. அந்தப் பணத்தை வாங்க முதலில் காட்ட வேண்டியது பட்டா. அது இல்லாதவர் வீட்டுத் திட்டத்தின் வாசலிலேயே நின்றுவிடுகிறார். மனை என்ற இந்த ஒன்றை எண்பது வருடத்துக்கு முன்பே பிடித்துக்கொண்டு, அதையே தன் அரசியலாக்கிக்கொண்ட ஒருவர் தஞ்சை மண்ணில் இருந்தார். அவர் சட்டமன்றத்துக்குப் போனவரல்ல. அமைச்சராக இருந்தவரல்ல. இந்த மாவட்டத்தில் பிறந்தவர்கூட இல்லை. அவர் பெயர் பி. சீனிவாசராவ்.

வலங்கைமானுக்கு சீனிவாசன் என்ற பெயர் புதிதல்ல. 1869-ல் இங்கே பிறந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரி ஆங்கிலப் பேச்சுக்காகவே உலகம் முழுவதும் புகழப்பட்டவர். தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் முதல் ஏஜெண்டாக இருந்தவர். அந்தச் சீனிவாசர் இங்கிருந்து பேரரசின் சபைகளுக்குப் போனார். இந்தச் சீனிவாசர் கர்நாடகத்திலிருந்து வந்து, பிற்பாடு கற்ற தமிழில், சேரியின் திண்ணையில் உட்கார்ந்து பேசினார். ஊரின் பெருமையாக முதலாமவரை எல்லாரும் சொல்கிறார்கள். சொல்லட்டும். இரண்டாமவரின் பெயரையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டும் என்பது என் ஆசை.

1907-ல் பிறந்த சீனிவாசராவ் கல்லூரிப் படிப்பை விட்டுவிட்டுக் காங்கிரஸ் போராட்டத்துக்கு வந்தவர். சென்னையில் அந்நியத் துணிக்கடை மறியலில் போலீஸிடம் பலமாக அடிபட்டார். சிறையில் கம்யூனிஸ்ட் அமீர் ஹைதர் கானைச் சந்தித்தது அவர் வழியை மாற்றியது. ஜீவானந்தம், பி. ராமமூர்த்தி ஆகியோரோடு தமிழ்நாட்டின் ஆரம்பகாலக் கம்யூனிஸ்டுகளில் ஒருவரானார். கட்சி மீதிருந்த தடை 1942-ல் நீங்கியது. அடுத்த வருடம் அவரைத் தஞ்சைக்கு அனுப்பினார்கள். மன்னார்குடிப் பக்கம் தென்பரையில், மடத்து நிலத்தில் குத்தகைக்கு உழுதவர்களைக் கொண்டு விவசாயிகள் சங்கத்தின் கிளையைத் தொடங்கினார். சங்கக் கொடி அங்கிருந்து தெற்கேயும் கிழக்கேயும் போனது.

அவர் வந்து பார்த்த பண்ணையாள் முறையைப் பற்றிப் பேசும்போது சவுக்கடியையும் சாணிப்பாலையும் எல்லாரும் சொல்வார்கள். சொல்ல வேண்டியதுதான். வேலைக்குப் பிந்தி வந்தவனைச் சவுக்கால் அடிப்பதும், சாணியைக் கரைத்துக் குடிக்க வைப்பதும் இந்த மாவட்டத்தில் நடந்தன. ஆனால் அடிக்கிறவன் கையில் சவுக்கு இருந்ததால் மட்டும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அடங்கிக் கிடக்கவில்லை. அவர்கள் நின்ற தரை அவனுடையதாக இருந்தது.

பண்ணையாளுக்குக் குடிசை போட்டுக்கொள்ள மிராசுதார் இடம் விடுவார். வயலை ஒட்டிய மேட்டிலோ, வாய்க்கால் கரையிலோ, படுகை ஓரத்திலோ நாலைந்து குழி. அதற்கு வாடகை கிடையாது. வாடகை வாங்கியிருந்தால் ரசீது, வழக்கு என்று ஏதாவது ஒரு பிடி இருந்திருக்கும். வாங்காததால் ஒரு பிடியும் இல்லை. பண்ணையில் வேலை செய்கிறவரை குடிசை; வேலையை விட்டால் குடிசையும் போனது. கூலி உயர்த்திக் கேட்டால், வேறு பண்ணைக்கு வேலைக்குப் போனால், பிள்ளையை மாடு மேய்க்க அனுப்பாமல் பள்ளிக்கு அனுப்பினால், ‘மனையைக் காலி பண்ணு’ என்ற ஒரு வார்த்தை போதும். கல்யாணத்துக்கு வாங்கிய நெற்கடன் ஒரு பக்கம் இழுக்கும். மனை இன்னொரு பக்கம் இழுக்கும். அந்தக் காலத்துப் பெரியவர்கள் இதை வெகு எளிமையாகச் சொல்வார்கள்: கூலி குறைந்தால் அரை வயிற்றோடு படுக்கலாம், மனையைப் பிடுங்கினால் பிள்ளைகுட்டியை எங்கே படுக்க வைப்பது?

தன்னுடையதல்லாத மண்ணில் யாரும் செங்கல் வைத்துக் கட்ட மாட்டார்கள். தென்னம்பிள்ளை வைக்க மாட்டார்கள், கிணறு எடுக்க மாட்டார்கள். நாளைக்கே பிரித்து எடுத்துக்கொண்டு போகிற மாதிரி மூங்கிலும் கீற்றும் வைக்கோலும்தான். மழைக்கு மழை கூரை மாற்றினார்கள். தலைமுறைக்குத் தலைமுறை குடிசையிலேயே பிறந்து செத்தார்கள். தஞ்சையின் குடிசைக்கு வறுமையை மட்டும் காரணம் சொல்வது சரியில்லை. மனை உரிமை இல்லாததுதான் அந்தக் கூரையைக் கீற்றாகவே வைத்திருந்தது.

அடித்தால் திருப்பி அடி என்று சீனிவாசராவ் சொன்னதாகத் தஞ்சைக் கிராமங்களில் இன்றும் சொல்வார்கள். அந்த வார்த்தையின் சூடு அத்தனை பேரைத் தட்டி எழுப்பியது உண்மை. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அவர் கூட்டத்தைக் கூட்டிய விதம். ஒரு குடும்பம் மட்டும் எதிர்த்தால் ஒரு குடிசையைப் பிரித்துவிடலாம். தெரு முழுவதும் ஒரே நாளில் கொடி ஏற்றினால் எத்தனை குடிசையைப் பிரிக்க முடியும்? பிரித்துவிட்டு, நடவுக்கு ஆளுக்கு எங்கே போவது? குடியான தெருவிலிருந்த குத்தகை விவசாயியையும் சேரியிலிருந்த பண்ணையாளையும் ஒரே சங்கத்தில் உட்கார வைத்தது இந்தக் கணக்கினால்தான். சாதி குறுக்கே நின்ற ஊரில் அது லேசான காரியமில்லை.

1944-ல் களப்பாலிலும் மன்னார்குடியிலும் ஒப்பந்தங்கள் வந்தன. சவுக்கடியும் சாணிப்பாலும் நின்றன. கூலி அளக்க முத்திரை மரக்கால் வந்தது. அதுவரை கொடுக்கிற மரக்கால் ஒன்று, வாங்குகிற மரக்கால் ஒன்று என்று இருந்த வழக்கத்துக்கு அது முடிவு கட்டியது.

பிறகு அடக்குமுறை. 1948-ல் கட்சி தடை செய்யப்பட்டது. சங்கத் தலைவர் களப்பால் குப்பு அதே வருடம் திருச்சி சிறையில் இறந்தார். 1950 மே மாதம் இயக்கத்தைச் சேர்ந்த ஜாம்பவானோடை சிவராமனும் வாட்டாக்குடி இரணியனும் அடுத்தடுத்துச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சீனிவாசராவ் தலைமறைவாக இருந்தார். அவரை ஒளித்து வைத்தது கோட்டை கொத்தளம் இல்லை. மனை உரிமை இல்லாத அந்தக் குடிசைகள்தான். காட்டிக் கொடுத்தால் சலுகை, காட்டிக் கொடுக்காவிட்டால் அடி உதை என்ற நிலையில் அவர்கள் வாயைத் திறக்கவில்லை.

1952 ஆகஸ்டில் ராஜாஜி அரசு தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஒரே மாவட்டத்துக்கென்று தனியாக ஒரு சட்டம் வருகிற அளவுக்குத் தஞ்சை கொதித்துக் கிடந்தது. ஆனால் ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு (ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு) மேல் நிலம் வைத்திருப்பவர்களுக்குத்தான் அது பொருந்தியது. நிலத்தை உறவினர் பெயர்களில் பிரித்து எழுதிக்கொள்ள அது வழி திறந்தது. பண்ணையாளை நிறுத்திவிட்டுத் தினக்கூலிக்கு ஆள் பிடிப்பதும் பெருகியது. பண்ணையாளாக இருக்கிறவரைதான் சட்டத்தின் பாதுகாப்பு. கூலியாளாகிவிட்டால், அவன் குடிசை நிற்கிற மண்ணுக்கு மறுபடியும் ஒரு பிடியும் இல்லை. கூலி, குத்தகை வாரம், மரக்கால் எல்லாம் பேசித் தீர்த்த பிறகும் மனை தீராமல் நின்றது.

இதே காலத்தில் மலைக்கு அந்தப்பக்கம் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். 1957 ஏப்ரல் 5 அன்று கேரளத்தில் இ. எம். எஸ். அரசு பதவியேற்றது. ஆறாம் நாள், ஏப்ரல் 11 அன்று, யாரையும் நிலத்திலிருந்தோ குடியிருப்பிலிருந்தோ வெளியேற்றக் கூடாது என்று அவசரச் சட்டம் போட்டது. முதலில் ஆளை இருந்த இடத்தில் இருக்க விடு, மற்றதைப் பிறகு பேசுவோம் என்ற தெளிவு அதில் இருந்தது. தமிழ்நாட்டில் அந்தப் பாதுகாப்பு 1961-ல்தான் வந்தது: குடியிருப்பு அனுபவதாரர்களை வெளியேற்றுவதிலிருந்து பாதுகாக்கும் சட்டம், 1961-ஆம் வருடத்து 38-ஆவது சட்டம். உடைமை தரவில்லை, பிடுங்காதே என்று மட்டும் சொன்னது. அதற்கே அத்தனை வருடம்.

நில உச்சவரம்பு மசோதாவும் அந்தச் சமயத்தில்தான் வந்தது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் வரை விட்டுவிட்டு, அதற்கு மேலும் விலக்குகள் வைத்திருந்த மசோதா. அதைத் திருத்தக் கேட்டு மாநிலம் முழுவதும் விவசாயிகள் சங்கம் மறியலில் இறங்கியது. உடல் தளர்ந்திருந்த சீனிவாசராவ் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அந்தப் போராட்டக் காலத்திலேயே, 1961 செப்டம்பர் 30 அன்று தஞ்சையில் இறந்தார். வயது 54. திருத்துறைப்பூண்டியில் அவருக்கு நினைவிடம் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் செங்கொடிகளோடு ஜனம் வருகிறது.

அவர் போய் ஏழு வருடம் கழித்து, 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேரை உயிரோடு எரித்தார்கள். பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும். கூலி கேட்டதற்கும் சங்கக் கொடியை இறக்க மறுத்ததற்கும் கொடுக்கப்பட்ட தண்டனை அது. அவர்கள் ஓடி ஒளிய அந்தத் தெருவில் ஒரு கல் சுவர் இல்லை, ஓட்டுக்கூரை இல்லை. மண்சுவரும் கீற்றும்தான். இதை எழுதுகிறபோது கை நடுங்காமல் இருக்க முடியவில்லை. மனை உரிமை என்பது ஏதோ வருவாய்த்துறைக் காகித விவகாரம் என்று நினைக்கிறவர்கள் அந்த ஊருக்கு ஒரு முறை போய்வர வேண்டும்.

1971-ல் மு. கருணாநிதி அரசு குடியிருப்பு உடைமைச் சட்டத்தை நிறைவேற்றியது. அந்த வருடம் ஜூன் 19 அன்று பிறர் நிலத்தில் குடியிருந்த விவசாயிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் அந்த மனையே சொந்தம் என்றது சட்டம். நில உடைமையாளருக்கு இழப்பீட்டை அரசு கொடுத்தது. முதலமைச்சர் திருக்குவளைக்காரர், இந்த மண்ணின் பண்ணைகளைப் பார்த்து வளர்ந்தவர். சட்டமன்றத்துக்குள் முதன்முதலாக நுழைந்த 1957-லேயே நங்கவரம் விவசாயிகளைப் பற்றிப் பேசியவர். சட்டத்தின் பெருமை அவருக்கு உண்டு. அதன் ஒவ்வொரு வரிக்காகவும் கிராமத்தில் அடிபட்டவர்களின் பெருமையும் அதில் உண்டு. இரண்டில் ஒன்றை மறைத்து இன்னொன்றைப் பேசுகிற கட்சிக் கணக்கு எனக்கு உடன்பாடில்லை.

தஞ்சையில் நடந்த பெரிய மாற்றங்களில் இதற்கு இணையாக நான் எதையும் சொல்ல மாட்டேன். நிலச் சீர்திருத்தம் என்றால் உச்சவரம்பைத்தான் பேசுகிறோம். 1970-ல் அதை 15 ஸ்டாண்டர்டு ஏக்கராகக் குறைத்ததைப் பேசுகிறோம். உச்சவரம்பில் மிஞ்சியது கொஞ்சம், கைக்கு வந்தது அதிலும் கொஞ்சம். குடியிருப்புச் சட்டமோ, இருந்த இடத்திலேயே ஆளை உடைமைக்காரனாக்கியது. ‘காலி பண்ணு’ என்ற வார்த்தைக்கு விஷப்பல் போனது. வேலை பிடிக்கவில்லை என்றால் பண்ணையை விட்டுவிட்டுத் திருப்பூருக்கோ சென்னைக்கோ போகலாம், குடும்பம் வீட்டில் இருக்கும் என்ற நிலை அதற்குப் பிறகுதான் வந்தது. பிள்ளைகள் பள்ளிக்குப் போனதும் அதற்குப் பிறகுதான்.

சட்டத்தின் குறை அதன் தேதியிலேயே இருந்தது. 1971 ஜூன் 19 அன்று குடியிருந்தவருக்கு மனை. அன்று தொட்டிலில் கிடந்த பிள்ளைக்கு? அவன் வளர்ந்து, கல்யாணம் முடித்து, தனிக்குடித்தனம் போக வேண்டிய நாளில் அப்பாவின் மனைதான் இருந்தது. அதில் அண்ணனும் இருந்தான்.

கேரளத்தோடு ஒப்பிட்டால் இந்தக் குறை துலக்கமாகத் தெரியும். அங்கே நிலச் சீர்திருத்தச் சட்டம் 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, குடிகிடப்புக்காரர் என்று அழைக்கப்பட்டவர்களுக்குப் பஞ்சாயத்துப் பகுதியில் பத்து சென்ட் வரை உரிமை கிடைத்தது. அதிகாரி வந்து அளக்கட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. ஏ. கே. கோபாலன் போன்றவர்கள் முன்னின்ற இயக்கத்தில், தங்கள் பத்து சென்ட்டுக்குத் தாங்களே வேலி அடைத்து எடுத்தார்கள். பத்து சென்ட் என்றால் நம் கணக்கில் முப்பது குழி. நாலு தென்னை, ஒரு பலா, ஒரு கிணறு, பின்னால் மகனுக்கு ஒரு வீடு என்று இரண்டு தலைமுறைக்குத் தாங்கும். நாம் கொடுத்ததோ இருக்கிற குடிசையின் அளவுக்கு. பிற்பாடு இலவச மனையாகக் கொடுத்ததும் இரண்டு மூன்று சென்ட். ஒரு தலைமுறையோடு அது தீர்ந்துபோயிற்று.

தீர்ந்துபோன மனை எப்படி இருக்கும் என்பதை வலங்கைமான் ஒன்றியத்தின் எந்தக் காலனித் தெருவிலும் பார்க்கலாம். முன்பக்கம் பழைய தொகுப்பு வீடு. கான்கிரீட் பெயர்ந்து விழுந்த இடத்தில் துருப்பிடித்த கம்பி வரிசையாகத் தெரியும். அதற்கு நேர் கீழே யாரும் பாய் விரிப்பதில்லை. பக்கச் சுவரில் சார்ப்பு இறக்கி, மேலே தார்ப்பாய் போட்டு மூத்த மகனின் குடும்பம். பின்பக்கம் கீற்று மறைப்பில் இளையவன். மின்சார மீட்டர் ஒன்றுதான். அதிலிருந்து ஒயர் இழுத்து இருவர் வீட்டிலும் விளக்கு எரியும். மூன்று அடுப்பு, மூன்று ரேஷன் கார்டு, ஒரு பட்டா. அந்தப் பட்டாவில் இருக்கும் பெயருக்குரியவர் பல வீடுகளில் இன்று உயிரோடு இல்லை.

இளையவனின் மனைவிதான் மஞ்சள் பையோடு தாலுகா அலுவலகம் போகிறவள். ‘உன் மாமனார் பேர்ல பட்டா இருக்கேம்மா, குடும்பத்துக்கு மனை இருக்குன்னு வருது’ என்பார்கள். ‘அதுல எங்க மூத்தார் இருக்காக சார்’ என்பாள். ஆன்லைனில் அப்படிக் காட்டுகிறது, நாங்கள் என்ன செய்ய என்பார்கள். அவர்கள் சொல்வதும் விதிப்படி சரியாகத்தான் இருக்கிறது. ஒரு குடும்பம் மூன்றாகப் பெருகியதைப் பதிய அந்த விதியில் இடம் வைக்கவில்லை.

பணத்துக்கு வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். கும்பகோணத்திலிருந்து வலங்கைமான் வழியாக மன்னார்குடிக்குப் போகிற சாலையின் இரு பக்கமும் மனைக்கல் நட்ட வயல்களைப் பார்க்கிறோம். விளம்பரப் பலகையில் கோயில் பெயர் கொண்ட ஏதோ ஒரு நகர், அதற்குப் பின்னால் நேற்றுவரை சம்பா விளைந்த பூமி. 2025-26-க்கு நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். நூறு நாளும் முழுதாகக் கிடைத்தாலும் வருடத்துக்கு 33,600. சென்ட் ஒரு லட்சம் என்றே ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மூன்று சென்ட் வாங்க, அந்தக் கூலியில் ஒரு பைசா தின்னாமல் ஒன்பது வருடம் சேர்க்க வேண்டும். ஒன்பதாவது வருடம் விலை அங்கேயேவா நிற்கும்? 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய சட்டம் புதிய எண்ணெய்க் கிணறுகளுக்கும் சில ஆலைகளுக்கும் தடை போட்டது. நல்ல காரியம். ஆனால் வயலை மனையாக்குவதை அது தொடவில்லை. வயலில் வேலையும் குறைகிறது, அதே வயல் மனையாகி எட்டாத விலைக்கும் போகிறது. இரண்டு பக்கமும் அடிபடுவது ஒரே ஆள்.

கோயில், மடத்து நிலங்கள் தனிக்கதை. டெல்டாவில் எத்தனையோ தெருக்கள் அடிமனைத் தெருக்கள்தான். வீடு குடியிருப்பவருடையது, அடியிலுள்ள மண் சாமியுடையது. தாத்தா காலத்தில் சொற்பப் பகுதி, அதாவது மனை வாடகை, கட்டிய மண்ணுக்கு இன்று சந்தை மதிப்பை வைத்து வாடகை நிர்ணயிக்கிறார்கள். 2019-ல் புறம்போக்கிலும் கோயில் நிலத்திலும் நெடுநாள் குடியிருக்கும் ஏழைகளுக்கு வரன்முறை செய்ய 318-ஆவது அரசாணை வந்தது. உயர் நீதிமன்றம் அதே வருடம் தடை விதித்தது. கோயில் சொத்து கோயிலுக்கு நிலைக்க வேண்டும் என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. அந்தக் கோயிலின் நெல்லை நான்கு தலைமுறையாக விளைவித்துக் கொடுத்தவர்களைச் சந்தை வாடகைக்காரராக்குவது அறநிலையம் என்ற பெயருக்குப் பொருந்தாது. அரசு அந்த மண்ணுக்கு உரிய விலையைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டு, மனையைக் குடியிருப்பவருக்குக் கொடுக்கலாம். 1971-ல் மிராசுக்குச் செய்தது அதுதானே?

அரசு சும்மா இருந்ததென்று சொல்ல மாட்டேன். 2010-ல் 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடாக்க, வீட்டுக்கு 75,000 ரூபாய் என்று கலைஞர் வீடு வழங்கும் திட்டம் வந்தது. 2024-ல் கலைஞரின் கனவு இல்லம்: 2030-க்குள் எட்டு லட்சம் வீடு, முதல் வருடம் ஒரு லட்சம், வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய், 360 சதுர அடி. மத்திய அரசின் திட்டத்தில் அடிப்படைத் தொகை 1.20 லட்சம், அதோடு மாநிலம் கூடப் போடுகிறது. மேடையில் எல்லாக் கட்சியும் வீட்டைச் சொல்லித்தான் ஓட்டுக் கேட்கிறது. மனையைச் சொல்கிறவர்கள் குறைவு. வீடு கட்டினால் திறப்பு விழா நடத்தலாம், படம் எடுக்கலாம். மனைக்கு நிலம் எடுத்தால் ஊரில் பெரிய கைகளைப் பகைத்துக்கொள்ள வேண்டும்.

மனையைச் சொன்னவர்கள் அடியோடு இல்லாமல் போகவில்லை. வெண்மணிக்குப் பிறகு கீழத்தஞ்சைக்கு வந்து தங்கிய கிருஷ்ணம்மாள் - ஜெகந்நாதன் தம்பதி 1981-ல் லாஃப்டி அமைப்பைத் தொடங்கி, நிலத்தை விலைக்கு வாங்கிப் பெண்கள் பெயரில் பதிவு செய்துகொடுத்தார்கள். பிறகு குடிசைகளைச் செங்கல் வீடாக்குவதில் கிருஷ்ணம்மாள் இறங்கினார். 2008-ல் ரைட் லைவ்லிஹுட் விருது அவர்களைத் தேடி வந்தது. 2021 தேர்தலில் திருத்துறைப்பூண்டியில் வென்ற இந்தியக் கம்யூனிஸ்ட் வேட்பாளர் மாரிமுத்து கூரை வீட்டில் வாழ்ந்தவர். கூலி வேலைக்குப் போகிற குடும்பம். அவர் வீட்டின் படம் பத்திரிகைகளில் வந்தபோது பலர் ஆச்சரியப்பட்டார்கள். அந்தத் தொகுதியில் ஆச்சரியப்படாதவர்கள்தான் அதிகம். அவர்களுடைய வீடும் அப்படித்தான் இருந்தது, 2018-ல் கஜா புயல் அதைத்தான் தூக்கி எறிந்தது.

வலங்கைமான் ஒரு காலத்தில் தனித் தொகுதியாக, தன் பெயரிலேயே சட்டமன்றத்துக்கு உறுப்பினரை அனுப்பிய ஊர். 2008 மறுவரையறையில் தொகுதி மறைந்து, நன்னிலத்தோடு சேர்ந்தது. 1997-ல் திருவாரூர் மாவட்டம் பிறந்தபோது தஞ்சையிலிருந்து பிரிந்தும் வந்தது. கலெக்டர் ஆபீஸ் ஒரு பக்கம், சந்தையும் ஆஸ்பத்திரியும் கும்பகோணம் பக்கம். சங்கம் வேரோடிய மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வட்டாரங்களைப் போல இங்கே மனைக்காகத் தெரு முழுக்கத் திரண்ட வரலாறும் அழுத்தமாக இல்லை. தனித்தனி மனுவாக நிற்கிறார்கள். சீனிவாசராவ் வந்திருந்தால் முதலில் அந்த மஞ்சள் பைகளை ஒன்றாகச் சேர்த்திருப்பார்.

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கு நிலம் எடுக்கும் 1978-ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. 2019-ல் உயர் நீதிமன்றம் அது செல்லாதென்றபோது, அரசு அதே வருடம் புதுச் சட்டம் போட்டு அதற்கு உயிர் கொடுத்தது. 2021-ல் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. நெடுஞ்சாலைக்கும் தொழிற்பேட்டைக்கும் நிலம் எடுக்கிறபோது காட்டுகிற அக்கறையில் பாதியை இதற்குக் காட்டினால் போதும். ஊராட்சிக்கு ஒரு வேலி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பாதைக்கும் வடிகாலுக்கும் மூன்றில் ஒரு பங்கை விட்டால்கூட, மூன்று சென்ட் வீதம் 140 மனைக்கு மேல் வரும். ஐந்து சென்ட் வீதம் என்றாலும் 80-க்கு மேல். மகனுக்கும் இடம் வேண்டுமென்றால் ஐந்துதான் நியாயம். பட்டா பெண்ணின் பெயரில் இருக்க வேண்டும். நிலம் ஊரை ஒட்டி இருக்க வேண்டும். சுடுகாட்டுக்குப் பின்னால் கிடக்கிற பள்ளத்தைத் தள்ளிவிடுகிற பழக்கம் நிற்க வேண்டும். நன்செயாக இருந்தால் மூன்றடி மண்ணடித்து மேடாக்குகிற செலவையும் திட்டத்திலேயே சேர்க்க வேண்டும். அதைக் கூலிக்காரர் தலையில் விட்டால், ஐப்பசி மழைக்கு முழங்கால் தண்ணீர் நிற்கும் மனையில் அஸ்திவாரம் எடுக்கவே அவரால் முடியாது.